ஆங்கில எழுத்துக்கூட்டலும் நம் மாணவர்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் எடுத்துப் பேசுவதற்குப் பெரிய பொருள்கள் பல உள்ளன. நிலம், கூலி, இட ஒதுக்கீடு, சட்டப் பாதுகாப்பு என்று அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். நாம் இங்கே எடுத்துக்கொள்வதோ மிகச் சிறிய பொருள். உயர்நிலைப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளை ஆங்கிலச் சொற்களைப் பிழையின்றி எழுதப் பழக்குவது எவ்வாறு என்பதே அது. ஸ்பெல்லிங் என்று அன்றாடம் சொல்வதை இவ்வுரையில் எழுத்துக்கூட்டல் என்போம். இதற்கென ஓர் உரை வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். பெரிய கதவை அடைத்து நிற்பது சிறிய பூட்டுத்தான். அந்தப் பூட்டின் அமைப்பை அறிந்தவர்க்கே சாவி செய்ய வரும்.

ஆங்கிலம் நம் மக்களுக்கு அலங்காரப் பொருளாக வந்ததன்று. மனு எழுதுவதற்கும் வழக்குரைப்பதற்கும் உரிய கருவியாக அது வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய எம்.சி.ராஜா அவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை விளக்கி 1925இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். 1930இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் சார்பில் அமர்ந்தனர். நாட்டை ஆண்டவர்களின் மொழியில் நம் துயரத்தை நாமே எழுதிக் காட்ட முடிந்ததால்தான், நமக்காக வேறொருவர் பேசும் நிலை மாறத் தொடங்கியது. அந்தக் கருவி இன்று நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் எந்த நிலையில் இருக்கிறது? அதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு பாடத்தைப் பற்றி வாய்விட்டுக் கேட்டால் நன்றாக விடை சொல்லும் பிள்ளை, தாளில் எழுதச் சொன்னால் ஒன்றரை வரியோடு நின்றுவிடுவதை நம் மாலை வகுப்புகளில் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அந்தத் தாள் பள்ளியில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டுத் திரும்பி வந்திருக்கும். சில இடங்களில் அதை வகுப்பு முழுதும் கேட்கும்படி படித்துக் காட்டியிருப்பார்கள், எல்லாரும் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பில் பிள்ளை இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கிறது. நன்கு தெரிந்த சின்னஞ்சிறு சொற்களை மட்டுமே எழுதுவது பாதுகாப்பு என்பது ஒன்று. அதனால் ‘பியூட்டிஃபுல்’ என்று எழுத நினைத்த இடத்தில் ‘குட்’ என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறது. இதெல்லாம் நம்மைப் போன்றவர்க்கு வராது என்பது மற்றொன்று. முதற்பாடம் பிள்ளையின் மதிப்பெண்ணைத் தின்னும். இரண்டாம் பாடம் பிள்ளையையே தின்னும்.

எனவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எழுத்துக்கூட்டல் பிறப்பால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. இரண்டு மூன்று தலைமுறையாக வீட்டிற்கு ஆங்கில நாளேடு வரும் பிள்ளை, அந்தச் சொற்களை அறியாமலே பல்லாயிரம் முறை கண்ணால் கண்டிருக்கிறது. நம் பிள்ளை அவற்றைப் பாடநூலில் மட்டும் சில முறை கண்டிருக்கிறது. வேறுபாடு கண்ட முறைகளின் எண்ணிக்கையில் இருக்கிறதேயன்றி மூளையில் இல்லை. எண்ணிக்கையில் உள்ள குறையைப் பயிற்சியால் ஈடுகட்ட முடியும்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் கடினமானது என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. அம்மொழிக்கு எழுத்துகள் 26; ஒலிகளோ தென்னிங்கிலாந்துப் படித்தோர் வழக்கில் ஏறத்தாழ 44. குறைந்த எழுத்துகளைக் கொண்டு மிகுந்த ஒலிகளைக் குறிக்க வேண்டியிருப்பதால் ஓரெழுத்து பல வேலை செய்கிறது. வரலாறும் ஒரு காரணம். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடத்தை நிறுவினார். அச்சு வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல ஒரு நிலைக்கு வந்து உறைந்தது; மக்களின் நாக்கோ மாறிக்கொண்டே சென்றது. ‘நைஃப்’ என்ற சொல்லின் முதலில் நிற்கும் ‘கே’, ‘நைட்’ என்ற சொல்லின் நடுவில் நிற்கும் ‘ஜி, எச்’ ஆகியவை ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலிக்கப்பட்டவை. ஒலி போய்விட்டது; எழுத்து நின்றுவிட்டது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லின் நடுவே ஒலிக்காமல் கிடக்கும் ‘பி’, இலத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று புலவர்கள் நுழைத்த எழுத்து. இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைகளும் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் இவற்றைப் பயின்றே தேர்கின்றனர். இதைக் கேட்டால் நம் பிள்ளைக்குப் பாதி அச்சம் நீங்கும். குறை தன்னிடம் இல்லை, தான் கற்கும் பொருளின் பழைமையில் இருக்கிறது என்பது விளங்கும்.

ஆனால் கடினம் வேறு, ஒழுங்கின்மை வேறு. ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதே வழி என்று எண்ணுவது நம்மிடையே பரவியிருக்கும் பெரும் பிழை. நாள்தோறும் தொடர்பில்லாத பத்துச் சொற்களை எழுதிக்கொடுத்து ஒவ்வொன்றையும் ஐம்பது முறை எழுதச் சொல்வதால் கை வலிக்குமேயன்றி அறிவு வளராது. அச்சொற்களுக்குள் அச்சுகள் உண்டு. ஒரு செங்கல் அச்சை அறிந்தால் ஆயிரம் கல் அறுக்கலாம்.

தமிழில் நம் பிள்ளைகள் இதை முன்பே செய்துவிட்டார்கள். ‘வண்டு’ என்பதில் எந்த ணகரம், ‘கன்று’ என்பதில் எந்த னகரம், ‘பந்து’ என்பதில் எந்த நகரம் என்று எவரும் தனித்தனியே மனப்பாடம் செய்வதில்லை. டகரத்தின் முன் ‘ண்’, றகரத்தின் முன் ‘ன்’, தகரத்தின் முன் ‘ந்’ என்ற அமைப்பைக் கண் பழகிக்கொண்டது; கை எழுதுகிறது. ஆங்கிலத்தையும் இந்த வழியிலேயே அணுக வேண்டும்.

தமிழ் வழியில் பயிலும் பிள்ளைகளுக்கே உரிய தடை ஒன்று உண்டு. அதை முதலில் கவனிப்போம். ‘பென்சில்’, ‘பெஞ்சு’ என்ற இரு சொற்களையும் தமிழில் ஒரே ‘பெ’ கொண்டு தொடங்குகிறோம். ஆங்கிலத்திலோ பென்சிலின் முதலெழுத்து நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்து. பெஞ்சின் முதலெழுத்து இரண்டாம் எழுத்து. இவ்விரண்டின் பெயரையும் தமிழில் எழுதினால் ‘பி’ என்றே வரும். நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் இவ்வாறே ‘டி’ ஆகின்றன. ஆகவே பிள்ளை இவற்றை மாற்றி எழுதுவது கவனக்குறைவு அன்று; ஓரெழுத்தில் ஈரொலியை அடக்கிய தமிழ்ப் பழக்கம்.

இதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ‘பம்பரம்’ என்று மெல்லச் சொல்லச் சொல்லுங்கள். முதற் பகரத்தைச் சொல்லும்போது தொண்டையில் அதிர்வு இராது. மகர ஒற்றை அடுத்த பகரத்தில் அதிர்வு தெரியும். ‘பட்டு’, ‘வண்டு’ என்று சொன்னால் டகரத்தின் இரண்டு ஒலியும் கிடைக்கும். இரு வகை ஒலியும் பிள்ளையின் நாக்கில் முன்பே உள்ளன. அவற்றிற்குத் தனித்தனி எழுத்து உண்டு என்பதை மட்டுமே புதிதாகக் கற்க வேண்டும். ஒரு வாரம் இப்பயிற்சியைச் செய்துவிட்டால் பிழைகளில் ஒரு பெரும் பகுதி தானே உதிரும்.

அடுத்து, ஈற்றில் ஒலிக்காமல் நிற்கும் ‘இ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ‘கிட்’ என்பது மூன்றெழுத்து. ஈற்றில் ‘இ’ சேர்த்தால் ‘கைட்’. ‘நாட்’ என்பதோடு சேர்த்தால் ‘நோட்’. ‘கட்’ என்பதோடு சேர்த்தால் ‘கியூட்’. ‘பிளான்’ என்பதோடு சேர்த்தால் ‘பிளேன்’. அந்த ஈற்றெழுத்துக்குத் தனக்கென ஒலி இல்லை. முன்னால் உள்ள உயிரெழுத்தை அதன் பெயராலேயே ஒலிக்கச் செய்வதே அதன் வேலை. இச்சொற்களை இணை இணையாக எழுதி, உரக்கப் படித்து, பின்பு மூடி எழுத வேண்டும். ‘ஹேவ்’, ‘கிவ்’ போல இந்த ஒழுங்குக்கு அடங்காதவையும் உண்டு. அவற்றை ஏட்டின் கடைசிப் பக்கத்தில் தனியே எழுதிவைக்கலாம். விதிவிலக்கைக் காட்டி விதியைக் கைவிடுவது, வழியில் ஒரு கல் கிடக்கிறது என்று ஊர்ப்பயணத்தையே நிறுத்துவது போலாகும்.

இனி, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடத்திற்கு வருவோம். ‘ரன்’ என்பதோடு ‘இங்’ சேர்ந்தால் ‘என்’ இரண்டாகிறது. ‘ரெயின்’ என்பதோடு ‘இங்’ சேர்ந்தால் ‘என்’ ஒன்றாகவே நிற்கிறது. ஏன்? மாணவச் செல்வங்களே, இதற்கு விடை நீங்கள் படித்த தமிழிலக்கணத்தில் இருக்கிறது. ‘கண்’ என்பதோடு ‘இல்’ சேர்ந்தால் ‘கண்ணில்’. ‘கால்’ என்பதோடு ‘இல்’ சேர்ந்தால் ‘காலில்’. குறில் ஒன்று தனியாக நின்று, அதன்பின் ஒற்று வந்து, அதையடுத்து உயிர் வருமானால் அவ்வொற்று இரட்டும் என்று நன்னூல் வழியே கற்றிருக்கிறீர்கள். நெட்டெழுத்தை அடுத்த ஒற்று அவ்வாறு இரட்டுவதில்லை. ஆங்கிலமும் ஏறக்குறைய இதையே செய்கிறது. ‘ஸ்டாப்பிங்’, ‘ஸ்விம்மிங்’ ஆகியவை கண்ணில் போன்றவை, ஒற்று இரட்டும். ‘ஸ்லீப்பிங்’, ‘ரீடிங்’ ஆகியவை காலில் போன்றவை, இரட்டாது. ‘கடல்’ என்பது ‘கடலில்’ ஆகுமேயன்றி லகரம் இரட்டுவதில்லை. ஈரசைச் சொல்லான ‘விசிட்’ என்பதும் அவ்வாறே ‘விசிட்டிங்’ என்று ஒற்றை எழுத்தோடு நிற்கும். ஆயின் ‘பிகின்’ போல ஈற்றசையில் அழுத்தம் விழும் சொற்களில் மட்டும் ‘பிகினிங்’ என எழுதும்போது ‘என்’ இரட்டும். இந்த ஓர் இடத்தில் ஆங்கிலம் தமிழிலிருந்து வேறுபடுகிறது.

இந்த ஒப்புமையை மனத்தில் வைத்தால் மிகப் பலரும் தவறும் ஒரு சொற்குடும்பம் எளிதாகும். ‘ரைட்’ என்பதில் உயிர் தன் பெயரால் ஒலிக்கிறது. ‘ரைட்டிங்’ என்னும்போது ஈற்று ‘இ’ நீங்கும், ‘டி’ ஒன்றே. ‘ரிட்டன்’ என்னும்போது உயிர் குறுகுகிறது, ‘டி’ இரண்டு. ‘டைனிங்’, ‘டின்னர்’ என்பவையும் இப்படியே. முன்னதில் ‘என்’ ஒன்று, பின்னதில் இரண்டு. உயிர் குறுகினால் மெய் பெருகும் என்று பிள்ளைகள் சொல்லிப் பழகட்டும்.

பிற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்வோம். ஒரே குறிலை அடுத்து ஈற்றில் வரும் ககர ஒலியைச் ‘சி, கே’ என்ற ஈரெழுத்தால் எழுதுவர்: ‘நெக்’, ‘லாக்’, ‘டக்’. இரண்டு உயிரெழுத்துகளை அடுத்தோ, வேறொரு மெய்யை அடுத்தோ வந்தால் ‘கே’ மட்டுமே: ‘வீக்’, ‘புக்’, ‘மில்க்’, ‘டெஸ்க்’. மெய்யை அடுத்து ஈற்றில் நிற்கும் ‘ஒய்’, பன்மையில் ‘ஐ, இ, எஸ்’ ஆகும்: ‘பேபி’, ‘ஸ்டோரி’. உயிரை அடுத்து நின்றால் மாறாது: ‘பாய்’, ‘டே’. நிறைவைக் குறிக்கும் ‘ஃபுல்’ தனிச்சொல்லாக நிற்கும்போது ‘எல்’ இரண்டு. ‘யூஸ்ஃபுல்’, ‘பியூட்டிஃபுல்’ என ஒட்டாக வரும்போது ஒன்று. ‘எஜுகேஷன்’, ‘ஸ்டேஷன்’, ‘அப்ளிகேஷன்’ ஆகியவற்றின் இறுதியில் கேட்கும் ‘ஷன்’ என்பதை ‘டி, ஐ, ஓ, என்’ என்ற நான்கெழுத்தால் எழுதுவர். இந்த ஓர் ஈற்றை அறிந்தாலே நூற்றுக்கணக்கான சொற்கள் வசமாகும்.

பொருளால் உறவுடைய சொற்கள் எழுத்தாலும் உறவுடையவை என்பதையும் சொல்லித்தர வேண்டும். ‘சைன்’ என்பதில் ‘ஜி’ ஒலிப்பதில்லை; ‘சிக்னேச்சர்’ என்பதில் அதே ‘ஜி’ ஒலிக்கிறது. கையொப்பமிடுவதும் கையொப்பமும் ஒரு குடும்பம். ஆகவே எழுத்தும் ஒன்று. ‘கவர்ன்மென்ட்’ என்பதில் பலர் விட்டுவிடும் ‘என்’, ‘கவர்ன்’ என்ற வேர்ச்சொல்லை நினைத்தால் தானே வந்து நிற்கும்.

பயிற்சியை நடத்தும் முறைக்கு வருவோம். நாள்தோறும் 15 நிமிடம் போதும். வாரத்திற்கு ஓர் அமைப்பு. அதில் அடங்கும் பத்துச் சொற்கள். ஒரு சொல்லைப் பிள்ளை முதலில் உற்றுப் பார்க்க வேண்டும். அடுத்து உரக்கச் சொல்ல வேண்டும். பின் அதை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும். இறுதியில் திறந்து எழுத்துக்கு எழுத்து தானே ஒப்பிட வேண்டும். பார்த்துப் பார்த்து ஐம்பது முறை படியெடுப்பதைவிட, மூடி மூன்று முறை எழுதுவதே நினைவில் தங்கும். படியெடுக்கும்போது கண் உழைக்கிறது, மூடி எழுதும்போதே நினைவு உழைக்கிறது.

வார இறுதியில் அச்சொற்கள் வரும் ஆறு வாக்கியங்களைச் சொல்வதெழுதலாகக் கொடுக்கலாம். ‘தேர்’ என்று ஒலிக்கும் இரு சொற்களில், ‘அங்கே’ என்பதற்கு எது, ‘அவர்களுடைய’ என்பதற்கு எது என்பது வாக்கியத்தில்தானே விளங்கும்? தனிச்சொல்லாகக் கேட்டால் எவர்க்கும் விளங்காது. பயிற்சிச் சொற்களும் நம் வாழ்விலிருந்து வரட்டும். ‘அட்ரஸ்’ என்பதில் ‘டி’யும் இரண்டு, ‘எஸ்’ஸும் இரண்டு. ‘கம்யூனிட்டி’ என்பதில் ‘எம்’ இரண்டு, ‘என்’ ஒன்று. ‘கமிட்டி’ என்பதில் ‘எம்’, ‘டி’, ‘இ’ மூன்றும் இரட்டை. விண்ணப்பத்திலும் சான்றிதழிலும் நாளை அவர்கள் எழுதப்போகும் சொற்கள் இவை.

திருத்தும் முறை இன்னும் முக்கியமானது. சிவப்பு மை வேண்டா. பிரம்பு வேண்டவே வேண்டா. பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் தாளை ஒருவர் பார்க்கட்டும். ஒரு சொல்லில் எட்டெழுத்தில் ஏழு சரி என்றால், அந்த ஏழை முதலில் சொல்லுவோம். எஞ்சிய ஒன்று எந்த அமைப்பைச் சேர்ந்தது என்று பிள்ளையைக் கேட்போம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பிழைகளுக்கென ஒரு சிறு ஏடு இருக்க வேண்டும். பிறர் பட்டியலைவிடத் தன் பட்டியலே ஒருவர்க்குச் சிறந்த பாடநூல். பத்தாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித்தரட்டும். சொல்லித்தருபவர் இருமுறை கற்கிறார். வீட்டு வேலையின் பொருட்டு மாலையில் நிறுத்திவைக்கப்படும் நம் பெண்பிள்ளைகளை அந்தக் கால்மணி நேரமாவது விடுவித்து அனுப்ப வேண்டும் என்று தாய்மார்களையும் தந்தையரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

கைப்பேசியே பிழையைத் திருத்திவிடும் இந்நாளில் இத்துணை உழைப்பு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். நம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் கையால் எழுதப்படுபவை; அங்கே கைப்பேசி இல்லை. மேலும், அக்கருவி காட்டும் நான்கு சொற்களில் நமக்கு வேண்டியது எது என்று தேர்ந்தெடுப்பதற்கும் அறிவு வேண்டும். ‘கலர்’ என்ற சொல்லில் ‘யு’வை விட்டுவிட்டு அமெரிக்க வழக்கில் அது எழுதிக் காட்டினால், நம் நாட்டில் பெரிதும் வழங்குவது ‘யு’ சேர்ந்த பிரித்தானிய வழக்கு என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பெயரின் எழுத்துக்கூட்டல் அரசு அலுவலகங்களில் ஒருவரின் வாழ்க்கையையே நிறுத்திவைக்கிறது. முத்துலட்சுமி என்ற பெயர் மதிப்பெண் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதார் அட்டையில் வேறு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மற்றொரு விதமாகவும் இருந்தால், உதவித்தொகை வேண்டி நடையாய் நடப்பவர் அந்தப் பெண்ணின் பெற்றோர்தாம். சேர்க்கையின்போது யாரோ ஒருவர் தம் போக்கில் எழுதிய எழுத்தை ஏற்றுக்கொண்டு வந்துவிடும் நிலை இனி வேண்டா. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், ஊர்ப் பெயர் ஆகியவற்றை ஒரே முறையில் எழுதப் பழகுவதே நம் வகுப்பின் முதல் நாள் பாடமாக இருக்கட்டும். தன் பெயரை எவ்வாறு எழுதுவது என்று முடிவு செய்யும் உரிமை சிறிய உரிமை அன்று.

ஆங்கிலம் அறிவதே அறிவு என்று நாம் கூறவில்லை. தாய்மொழியில் ஊன்றிய கால்தான் பிறமொழியில் எட்டி வைக்கும். கண்ணில், காலில் என்ற இலக்கணத்தை நன்கு உணர்ந்த பிள்ளைக்கே ரன்னிங், ரெயினிங் எளிதாகிறது. ஆனால் இரண்டெழுத்து இடம் மாறியது என்பதற்காக நம் பிள்ளையின் சிந்தனையையே மட்டமென்று எவரும் தள்ளிவிட இடங்கொடுத்தலும் ஆகாது.

ஆதலின் இந்த வெள்ளி விழா ஆண்டில் உறுப்பினர்களிடம் நாம் வேண்டுவன மூன்று. வாரத்திற்கு இரண்டு மாலை, பட்டம் பெற்ற இளைஞர் ஒருவரேனும் நம் வகுப்பிற்கு வந்து அமர வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கில-தமிழ் அகராதி என்ற அளவிலேனும் நூல்கள் வாங்கித்தர வேண்டும். பிள்ளை வீட்டிற்குக் கொண்டுவரும் தாளில் எத்தனை பிழை என்று கேட்பதற்கு முன், இன்று எந்தப் புதுச்சொல்லைத் துணிந்து எழுதினாய் என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

எழுதத் துணிந்த கைதான் திருத்தவும் கற்கும். நம் முன்னோர்க்கு எழுதுகோலே மறுக்கப்பட்டது. அதை அவர்கள் போராடிப் பெற்று நம்மிடம் தந்தார்கள். அச்சமின்றி அதைப் பிடிக்க நம் பிள்ளைகளைப் பழக்குவது நம் கடன். வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!